அடைக்கு அமர்ந்த கோழி: வைப்பதா, தெளிவிப்பதா?

தறிக்கூலி வாரக் கணக்கில் வருவது. வயலின் வருவாய் பருவக் கணக்கில் வருவது. புறக்கடைக் கோழியின் முட்டையோ அன்றாடம் கைக்கு எட்டுவது. குழந்தைக்கு ஒரு முட்டை, பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம், எதிர்பாராத மருந்துச் செலவு ஆகிய இவற்றை யாரையும் கேளாமல் இல்லத்துப் பெண்மணி சமாளிப்பது பெரும்பாலும் இச்சிறு வருவாயைக் கொண்டுதான். இவ்வருவாயைக் குறைப்பவை நோயும் கீரியும் மட்டுமல்ல. அடைக்கு அமர்ந்துவிட்ட கோழியை, "இருக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடும் நம் அசட்டையும் அதற்கு ஒரு காரணமாகும்.

அடைக்கு அமர்வது நோயன்று. கோழியின் குற்றமும் அன்று. தன் இனத்தைப் பெருக்க இயற்கை அதற்கு அளித்த குணமே அது. ஆயினும், பாவு ஏற்றிய தறிதான் துணி தரும். பாவில்லாத தறி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அடைக்கோழியும் அத்தகையதே. நல்ல முட்டைகளை வைத்தால் குஞ்சு தரும். வைக்கும் எண்ணம் இல்லையேல் உடனே அடையைத் தெளிவித்து மீண்டும் முட்டையிடச் செய்தல் வேண்டும். இரண்டில் ஒன்றும் செய்யாமல் விடுவதே நட்டம்.

அடைக் குணம் எவ்வாறு உண்டாகிறது?

நாட்டுக்கோழி ஓர் ஈட்டில் பத்து முதல் பதினைந்து முட்டைகள் வரை இடும். பின்னர் அதன் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பியிலிருந்து புரோலாக்டின் என்னும் சுரப்புநீர் மிகுதியாக ஊறத் தொடங்குகிறது. அது மிகுந்தவுடன் சூலகம் சுருங்கி முட்டையிடுதல் நின்றுவிடும். கோழியின் அடிவயிற்று இறகுகள் உதிர்ந்து, தோல் வெளிப்பட்டு, அவ்விடத்தில் இரத்த ஓட்டம் பெருகும். முட்டைகளுக்குச் சூடு நேராகப் படுவதற்கான ஏற்பாடு இது.

இச்சுரப்பைத் தூண்டுபவை எவை என்பதை அறிந்துகொண்டால் பின்னர்க் கூறப்போகும் முறைகள் எளிதில் விளங்கும். இருண்ட ஒதுக்குப்புறம், மெத்தென்ற கூடு, அடிவயிற்றில் படும் கதகதப்பு, கண்ணெதிரே குவிந்து கிடக்கும் முட்டைகள் ஆகியவையே அவை. இட்ட முட்டைகளைக் கூட்டிலேயே சேர விடும் வீடுகளில் கோழிகள் விரைவில் அடைக்கு அமர்வதற்குக் காரணம் இதுவே. நாள்தோறும் இருமுறை முட்டைகளை எடுத்துவிடுவது, அடையைத் தள்ளிப்போட உதவும் எளிய வழியாகும்.

முட்டைப் பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழிகள் அடைக்கு அமர்வது மிக அரிது. பல தலைமுறைகளாக அடைக் குணம் இல்லாதவற்றையே பொறுக்கி இனவிருத்தி செய்ததன் பயன் அது. அவை ஆண்டுக்கு முந்நூறு முட்டை அளவுக்கு இடுகின்றன. ஆனால் குஞ்சு பொரிக்கப் பொறியை நம்பியே இருக்க வேண்டும். நாட்டுக்கோழியோ தானே பொறியாகவும் தாயாகவும் இருக்கிறது. குறைந்த முட்டைக்கு ஈடாக அது தரும் நன்மை இதுவாகும்.

அடையாளங்கள்

முட்டையிட ஏறிய கோழி ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். அடைக்கோழி இரவிலும் கூட்டைவிட்டு எழுவதில்லை. அருகில் சென்றால் இறகைச் சிலிர்த்துக்கொள்ளும்; கையை நீட்டினால் கொத்தும். கீழே இறங்கிய நேரத்தில் "கொக், கொக்" என்று விட்டுவிட்டுக் குரல் கொடுக்கும். நாளுக்கு ஒருமுறை இறங்கி, நாற்றமுள்ள பெரும் எச்சமிட்டு, அவசரமாக இரை பொறுக்கித் திரும்பும். கொண்டையின் சிவப்பு மங்கும். இவற்றில் மூன்று நான்கு ஒருங்கே தென்பட்டால் ஐயமின்றி அது அடைக்கோழி எனக் கொள்ளலாம். இரண்டு இரவுகள் தொடர்ந்து கூட்டிலேயே இருந்தது என்றால் வேறு சான்று தேவையில்லை.

விட்டுவிட்டால் நேர்வது என்ன?

ஒரு கணக்குப் பார்ப்போம். ஓர் ஈடு முட்டையிடப் பதினேழு நாட்கள் எனக் கொள்வோம். அடைகாக்க 21 நாட்கள். குஞ்சுகளை எட்டு வாரம் வளர்க்க 56 நாட்கள். ஆகமொத்தம் 94 நாட்கள். இவ்வாறு ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு சுற்றுகளே நடைபெறும். சுற்றுக்குப் பன்னிரண்டு முட்டை எனினும் ஆண்டுக்கு ஐம்பதை எட்டுவதில்லை. குஞ்சுகள் கிடைக்கும் சுற்றில் இதைப்பற்றிக் குறைகூற இடமில்லை; முட்டையின் இடத்தில் குஞ்சு வந்துவிடுகிறது. ஆனால் வெறுங்கூட்டிலோ கெட்ட முட்டையின் மீதோ அமர்ந்திருக்கும் கோழி, முட்டையும் தராது, குஞ்சும் தராது. மூன்று வாரம் கடந்தும் சில கோழிகள் எழுவதில்லை. அக்காலம் முழுவதும் அரைவயிற்று இரையுடன் மெலிந்து, பேனுக்கும் செள்ளுக்கும் இரையாகி, பின்னர் உடல் தேறி முட்டையிட மேலும் பல வாரங்கள் ஆகும். முதல் ஓரிரு நாளிலேயே அடை தெளிவித்த கோழியோ பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரங்களில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். காலம் கடத்தக் கடத்தத் தெளிவதும் கடினம், முட்டைக்கு வருவதும் தாமதம்.

இக்கட்டுரை எழுதுபவனின் இல்லத்திலேயே இது நடந்தது. தறிக்கொட்டகையின் மூலையில், பழைய சாக்கின் மேல் ஒரு செங்கோழி அடைக்கு அமர்ந்தது. வீட்டில் முட்டை மிகுதியாக இல்லாமையால், கடையிலிருந்து வாங்கிய பத்து வெள்ளை முட்டைகளை அதன் அடியில் வைத்தோம். இருபத்தொன்றாம் நாள் வந்தது, குஞ்சு வரவில்லை. இன்னும் இரண்டு நாள், இன்னும் இரண்டு நாள் என்று இருபத்தெட்டாம் நாள்வரை காத்திருந்தோம். முட்டைகளை உடைத்தபோது பத்தும் கூமுட்டை. கோழியைத் தூக்கினால் கையில் எலும்பே தட்டுப்பட்டது. அது மீண்டும் ஒரு முட்டையிட இரண்டு மாதங்கள் ஆயின. குற்றம் கோழியினுடையதன்று. நாமக்கல் முதலிய இடங்களின் பண்ணைகளிலிருந்து கடைக்கு வரும் முட்டைகள் சேவலின்றி இடப்பட்டவை. அவற்றில் உயிர்க்கரு இல்லை. எத்தனை நாள் அடைகாத்தாலும் அவை பொரியா. இதனை ஒரு நாள் முன்னதாகக் கேட்டறிந்திருப்போமாயின் மூன்று மாத நட்டம் வந்திராது.

முடிவு செய்ய நான்கு கேள்விகள்

கோழி அடைக்கு அமர்ந்தது என்று தெரிந்த அன்றே பின்வரும் நான்கு கேள்விகளுக்கு விடை காண்க.

முதலாவது, மந்தையில் சேவல் உண்டா? பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும். புதிதாகச் சேவல் விட்டிருந்தால் ஒரு வாரம் கழித்து இட்ட முட்டைகளையே நம்பலாம்.

இரண்டாவது, ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகள் பத்தேனும் உண்டா? வீட்டில் இல்லையெனில், சேவலுள்ள அண்டை வீட்டில் கிடைக்குமா?

மூன்றாவது, காலம் ஏற்றதா? கத்திரி வெயிலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் பொரிக்கும் குஞ்சுகள் பிழைப்பது கடினம். தை, மாசி மாதங்கள் ஏற்றவை.

நான்காவது, குஞ்சுகளை முதல் நான்கு வாரம் காக்க ஆளும் இடமும் உண்டா? காகம், பருந்து, பூனை, கீரி ஆகியவை வாசலிலேயே காத்திருக்கின்றன என்பதை மறவாதீர்.

நான்கிற்கும் "ஆம்" எனில் அடை வைக்கலாம். ஒன்றிற்கு "இல்லை" எனினும் அடை தெளிவிப்பதே முறை.

அடை தெளிவிக்கும் முறை

கோழியைத் தண்ணீரில் முக்குவது, அதன் இறகையே பிடுங்கி மூக்குத் துளையில் செருகுவது, காலைக் கட்டி வெயிலில் போடுவது, இரை தராமல் பட்டினி போடுவது ஆகியவை நம்மிடையே வழங்கும் முறைகள். இவற்றை விட்டொழிக்க வேண்டும். நீரில் முக்கினால் வயிறு சற்று நேரம் குளிரும். இறகு உலர்ந்ததும் கோழி கூட்டுக்கே திரும்பும். சளிபிடித்தால் அதுவும் நம் தலைமேல்தான். மூக்கில் செருகிய இறகு புண்ணை உண்டாக்கும். பட்டினி கிடந்த கோழி முட்டைக்கு வருவது மேலும் தாமதமாகும். வாயில்லாப் பிராணியை வதைத்தும் பயன் இல்லை என்றால் அவ்வதை எதற்கு?

அடைக் குணத்தைத் தூண்டுபவை இருட்டும் மெத்தையும் கதகதப்பும் என்று முன்னர்க் கண்டோம். அவற்றை நீக்குவதே முறை. மூங்கில் பட்டைகளை விரற்கிடை விட்டுக் கட்டிய அடித்தளமோ கம்பிவலை அடித்தளமோ உள்ள ஒரு கூண்டை எடுத்துக்கொள்க. அதனை நான்கு செங்கற்களின் மேல் உயர்த்தி வைத்தால் அடியிலிருந்து காற்று புகுந்து வயிறு குளிரும். வைக்கோலோ சாக்கோ இடலாகாது. கூண்டு வெளிச்சமான இடத்தில் இருக்கட்டும். ஆனால் வெயில் நேராகப் படாத நிழலாக இருக்கட்டும். வழக்கமான இரையும் தண்ணீரும் குறைவின்றி வைக்க வேண்டும். தரையில் கவிழ்த்த பஞ்சாரம் இதற்கு ஏற்றதன்று. அதனுள் தரையே மெத்தையாகி, கோழி அங்கேயே அடையைத் தொடரும்.

இவ்வாறு மூன்று அல்லது நான்கு நாட்கள், இரவும் பகலும் கூண்டிலேயே வைத்திருக்க வேண்டும். இரவில் கீரியும் பூனையும் அணுகாதபடி கதவை உறுதியாகக் கட்டுக. நான்காம் நாள் திறந்துவிட்டுப் பாருங்கள். மற்றக் கோழிகளுடன் மேயச் சென்று, மாலையில் பரண் ஏறினால் அடை தெளிந்தது எனலாம். நேரே பழைய கூட்டுக்கு ஓடினால் மேலும் இரண்டு நாள் கூண்டு தேவை. பழைய கூட்டையும் இதற்குள் கலைத்துவிட வேண்டும்.

அடை வைக்கும் முறை

வாய் அகன்ற கூடையோ மண்சட்டியோ போதும். அதில் முக்காற்பங்கு உலர்ந்த மணலோ உமியோ இட்டு, நடுவில் ஆழமில்லாத குழி செய்து, மேலே சிறிது வைக்கோல் பரப்புக. "கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்பது பழமொழி. சமதரையில் அது உண்மையே. குறுகிய ஆழமான கூடையில், பொரித்து ஈரம் உலராத குஞ்சுகளின் மேல் தாய் அழுந்தி நிற்கும்போது அப்பழமொழி பொய்த்துப்போவதும் உண்டு. இரும்புத் துண்டும் அடுப்புக் கரியும் மிளகாய் வற்றலும் கூடையில் வைப்பது நம் மூத்தோர் வழக்கம். அதனால் தீங்கில்லை; ஆனால் அதனையே நம்பி ஏனையவற்றை விடலாகாது.

முட்டை தேர்வதில் கவனம் வேண்டும். நடுத்தரப் பருமனும் ஒழுங்கான வடிவமும் உள்ளவற்றைக் கொள்க. விரிசல் கண்டவை, மிகச் சிறியவை, மிகப் பெரியவை ஆகாவாம். அழுக்குப்பட்ட முட்டையைக் கழுவாதீர்; கழுவினால் ஓட்டின் மேலுள்ள காப்புப் பூச்சு போய்க் கிருமி உட்புகும். சேர்த்து வைக்கும் நாட்களில் குளிர்ந்த நிழலில், கூர்முனை கீழாக இருக்குமாறு வைக்க வேண்டும். கோழியின் உடலுக்குள் முழுவதும் அடங்கும் அளவே வைக்க வேண்டும். நாட்டுக்கோழிக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டைகள் அளவானவை. பேராசையால் பதினெட்டு வைத்தால் ஓரத்து முட்டைகள் முறைவைத்துக் குளிர்ந்து அனைத்தும் கெடும். வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட இனக்கோழிகள் அடைக்கு அமர்வது அரிதாகையால், அவற்றை வளர்ப்போரும் தம் முட்டைகளை நாட்டுக்கோழியின் அடியில் வைத்துப் பொரிக்கச் செய்யலாம்.

முட்டை வைக்கும் முன்னர்க் கோழிக்குப் பேன் உண்டா என இறகை விலக்கிப் பார்க்க வேண்டும். பேன் தொல்லை தாங்காமல் பாதியில் எழுந்து செல்லும் கோழிகள் பல. சாம்பலும் மணலும் கலந்த குழியில் புரள விடுவது நன்று. தொல்லை மிகுந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்டு மருந்திடுக. இருள் சூழ்ந்த பின்னரே கோழியைப் புதிய இடத்துக்கு மாற்ற வேண்டும். பகலில் மாற்றினால் பழைய இடத்தைத் தேடி ஓடும். எல்லா முட்டைகளையும் ஒரே நேரத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் கரியால் ஓர் அடையாளம் இடுக. பிற கோழிகள் வந்து இட்டுச் செல்லும் அடையாளமில்லா முட்டைகளை அன்றாடம் எடுத்துவிடலாம். இதனைச் செய்யாத வீட்டில் முட்டைகள் வெவ்வேறு நாளில் பொரிந்து, தாய் முதற்குஞ்சுகளுடன் எழுந்துவிட, எஞ்சியவை ஓட்டுக்குள்ளேயே மடியும்.

நாளுக்கு ஒருமுறை கோழியை இறக்கி, கம்பு, சோளம் போன்ற தானியமும் தண்ணீரும் தந்து, கால்மணி நேரம் உலவவிடுதல் போதும். முட்டைகளைப் புரட்டும் வேலையைத் தாயே செய்துகொள்ளும்.

ஏழாம் நாள் சோதனை

ஏழாம் நாள் இரவு, கைபேசி விளக்கின் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் கரும்புள்ளியும் அதனின்று சிலந்தி போலப் பரவும் செந்நரம்புகளும் தெரிந்தால் உயிர்க்கரு வளர்கிறது. தெளிந்த மஞ்சள் ஒளி மட்டும் தெரிந்தால் அது கருவில்லா முட்டை, எடுத்துவிட வேண்டும். பதினான்காம் நாள் மீண்டும் ஒருமுறை பார்த்தால் இடையில் இறந்த கருக்களையும் நீக்கலாம். எங்கள் இல்லத்துச் செங்கோழியை இச்சோதனை ஒன்றே ஏழாம் நாளில் காத்திருக்கும். அன்று அதனை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

பதினெட்டாம் நாளுக்குப் பின்னர் முட்டையைத் தொடாதீர். இருபத்தொன்றாம் நாள் ஓட்டில் சிறு துளை தோன்றும். துளையிட்ட பின் குஞ்சு வெளிவர ஒரு பகல் முழுவதும் ஆகலாம். உதவுவதாக எண்ணி ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு மடியும்.

குஞ்சுகளைக் காத்தல்

பொரித்த குஞ்சுக்கு உடனே இரை தேவையில்லை. மஞ்சள்கருவின் மிச்சம் வயிற்றுக்குள் சென்று முதல் இரண்டு நாட்கள் அதனைத் தாங்கும். எல்லாம் பொரித்து உலர்ந்த பின் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்துள் விட்டு, குருணை, கேழ்வரகு முதலியவற்றைத் தூவுக; குஞ்சுத் தீவனம் கிடைக்குமாயின் மிக நன்று. தண்ணீர்த் தட்டு ஆழமற்றதாய் இருக்க வேண்டும். நடுவில் கூழாங்கற்களை இட்டால் குஞ்சு மூழ்காது.

குஞ்சுகளை மொத்தமாக வாரிச் செல்வது வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிகேத் நோய். 1920களின் பிற்பகுதியில் ராணிகேத் நகரில் கண்டறியப்பட்டமையால் நம் நாட்டில் இப்பெயர் பெற்றது. வந்த பின் மருந்தில்லை. வருமுன் காக்கத் தடுப்பூசி உண்டு. ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், எட்டாம் வாரத்தில் ஊசியும் இடுவது வழக்கம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் நாளைக் கேட்டு முன்னரே குறித்து வைத்துக்கொள்க.

கூடிச் செய்தால்

தனி வீட்டில் நான்கு கேள்விகளுக்கும் "ஆம்" என்ற விடை கிடைப்பது அரிது. ஒரு வீட்டில் அடைக்கோழி இருக்கும், சேவல் இராது. இன்னொரு வீட்டில் முட்டை இருக்கும், அடைக்கோழி இராது. ஒரு தெருவிலுள்ள நான்கு உறுப்பினர் கூடினால் இக்குறை நீங்கும். ஒருவரின் கோழிக்கு மற்றவர் முட்டை தரலாம்; பொரித்த குஞ்சுகளை முட்டைக் கணக்கின்படி பகிர்ந்துகொள்ளலாம். கோழிக்கு உடையவருக்கு ஒரு குஞ்சு கூடுதலாகத் தருவது நியாயம்.

இரண்டு கோழிகளை ஒரே நாளில் அடை வைப்பது மேலும் நன்று. ஏழாம் நாள் சோதனையில் இரண்டிலும் முட்டை குறைந்துவிட்டால், நல்லவற்றை ஒன்றின் அடியில் சேர்த்து மற்றதைத் தெளிவித்துவிடலாம். குறையாமல் இரண்டும் பொரித்தாலும், முதல் ஓரிரு நாளுக்குள் இரவு நேரத்தில் எல்லாக் குஞ்சுகளையும் ஒரு தாயின் சிறகடியில் விட்டால் அது ஏற்றுக்கொள்ளும். மற்றக் கோழி கூண்டில் நான்கு நாள் இருந்து முட்டைக்குத் திரும்பும். எட்டு வார வளர்ப்புக் காலம் ஒரு கோழிக்கு மிச்சமாகிறது. கூடையில் முட்டை வைத்த நாள், வைத்தவர் பெயர், எண்ணிக்கை, பொரித்த தொகை ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் பூசலுக்கு இடமில்லை. நாம் பாவும் ஊடையும் கணக்கிட்டு வாங்கி, துணியைக் கணக்கிட்டுக் கொடுத்துப் பழகியவர்கள். முட்டைக் கணக்கு நமக்குப் பெரிதன்று.

இன்று மாலை கூட்டில் கோழிகளை அடைக்கும்போது, பரண் ஏறாமல் எங்கேனும் ஒன்று சாக்கின் மேல் அமர்ந்திருக்கிறதா என்று உறுப்பினர்கள் ஒருமுறை பார்ப்பார்களாக. அமர்ந்திருந்தால் வைப்பதா, தெளிவிப்பதா என்பதை விளக்கு அணைக்கும் முன் முடிவு செய்க. நாளைக்கு என்று தள்ளிய ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வரவேண்டிய முட்டையைத் தள்ளிய நாளே ஆகும்.